யாழினி வாய் திறக்காத வருஷம்

கப்பு, ஷீல்டு விற்கிற கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊரில் எந்தப் பிள்ளை எதில் முதலாவதாக வந்ததுன்னு தெரியும், அந்தப் பிள்ளையின் முகம் மட்டும் தெரியாது.

எங்கள் கடை தேரடிப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் ஒரு சின்ன ரூம். அந்த ரூமில்தான் எனக்கு வேலை. நீங்கள் மேடையில் பார்க்கிற மாதிரி கப்பு முழுசாக வராது. அடிக்கட்டை தனி, தண்டு தனி, மேல் கிண்ணம் தனின்னு சாக்கு மூட்டையில் வரும். அதைத் திருகிச் சேர்த்து, துடைத்து, பேர் அடித்த தகட்டை ஒட்டி, கவர் போட்டு அடுக்க வேண்டும். பேர் அடிக்கிறது ரேவதி. கம்ப்யூட்டர் படித்த பெண், வாய் ஜாஸ்தி. எனக்கு வாய் கம்மி. ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, முன்னாடியே இப்படித்தான். கஸ்டமர் ஏதாவது கேட்டால் நான் கையில் இருக்கிற கப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால் ஓனர் அண்ணன் என்னை முன்பக்கம் விடுவதில்லை.

என் மகள் யாழினி போன வருஷம் மூன்றாவது படித்தாள். வீட்டில் அவள் வாயை மூட முடியாது. ஸ்கூல் கேட்டுக்குள் கால் வைத்தால் ஒரு சத்தம் வராது. எல்.கே.ஜி.யில் இருந்தே அப்படி. ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் கிளாஸ் மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஆண்டு விழாவுக்குள் பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தையாவது பேசியாகணும், இல்லையென்றால் நாலாவதுக்கு வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள்னு சொல்லிவிட்டார். இதைப் படிக்கிறவர்களில் பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள் இருப்பீர்கள், பேச வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேசுவதைவிட எனக்கு இது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

வராத பிள்ளை

ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கடையில் உட்கார்ந்து தண்டு திருகிக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ் வந்தது. எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், மெதுவாகத்தான். உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லைன்னு இருந்தது. காலையில் நான்தான் கொண்டுபோய் கேட்டில் விட்டேன். அவள் உள்ளே போய்த் திரும்பிக் கை காட்டினதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மடியில் இருந்த கிண்ணமெல்லாம் உருண்டு ஓடிவிட்டது. செருப்பு கூடப் போடாமல் எழுந்து ஓடினேன். ரேவதி பின்னாலேயே வந்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் ரோட்டில் போகிற யூனிபார்ம் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு வெளியூர் குடும்பம் ஒரு பெண் குழந்தையைக் கை பிடித்துக் கூட்டிப் போனது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அந்தக் குழந்தையின் முகத்தையும் பார்த்தேன்.

ஸ்கூல் கேட்டில் வாட்ச்மேன் என்ன விஷயம்னு கேட்டார். போனை எடுத்து நீட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால் என் பிள்ளை மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறது. மிஸ் பேர் கூப்பிட்டபோது அவள் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். "அவ கை தூக்குனா மிஸ், நான் பாத்தேன்"னு பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னது. நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மிஸ் கெட்டவர் இல்லை. அவர் கிளாஸில் அத்தனை பிள்ளைகள். அலுத்துப்போய்த்தான் சொன்னார்:

"கைய கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. எத்தன கையத்தான் நான் பாக்கிறது? வாயத் தொறந்து 'ப்ரெசன்ட் மிஸ்'னு சொன்னாதான் புள்ளை வந்திருக்குன்னு அர்த்தம்."

பேச்சுப் போட்டி

ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். நானே போய் யாழினி பேரைக் கொடுத்தேன். கொடியைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு. அதை அவள் ஸ்கூலுக்கு வெளியே பேசாத இடம் இல்லை. தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் பேசினாள், பொம்பளைங்க எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த ஆட்டோவில் ஏறின ஜனத்துக்கெல்லாம் பேசினாள். கீழ்பென்னாத்தூர் போகிற ஒரு பெரியவர் இறங்கும்போது அவள் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளை கலெக்டர் ஆகும்னு சொல்லிவிட்டுப் போனாராம்.

போட்டி அன்றைக்கு அந்த ஸ்கூலுக்குக் கப்பு கொண்டுபோகிற வேலையை ஓனர் அண்ணன் எனக்கே கொடுத்தார். கப்பு அடுக்கின மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் நேராக நடந்து போனாள், மைக் முன்னால் நின்றாள், வணக்கத்துக்குக் கை கூப்பினாள். அதுக்கப்புறம் ஒன்றும் இல்லை. மிஸ் ஓரத்தில் இருந்து முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நேரம் முடிந்ததுன்னு மணி அடித்தார்கள். கூப்பின கையைப் பிரிக்காமலே அவள் இறங்கி வந்தாள். சாயந்திரம் பார்த்தால், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியை நிற்க வைத்து அந்தப் பேச்சை முழுசாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன்டி செல்லம்னு மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"ஸ்கூல்ல தொண்டைக்குள்ள ஒரு கதவு சாத்திக்குதும்மா. நான் தள்ளித் தள்ளிப் பாக்குறேன், அது தொறக்கவே மாட்டேங்குது."

மலை வேஷம்

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஊராக இருக்காது. ரோடெல்லாம் தடுப்புக் கட்டை, லாட்ஜ் எல்லாம் ஃபுல், ஸ்கூல் பாதி நாள் இருக்காது. அந்த நேரத்தில் மாறுவேடப் போட்டின்னு சொன்னார்கள். ரேவதிதான் யோசனை கொடுத்தாள். "நடக்க வேணாம், ஆட வேணாம். மலையா நிக்கட்டும்கா. நம்ம ஊர்ல மலைக்கு யார் மார்க்கு கம்மி போடுவா?" கடையில் கப்பு வருகிற சாக்கைக் கிழித்து, மண் கலர் அடித்து, உள்ளே அட்டை வைத்துத் தைத்தேன். தலையில் ஒரு கப்புக் கிண்ணம், அதில் சிவப்பு ஜிகினா பேப்பர், அது தீபம். பேச வேண்டியது ஒரே வரி. நான்தான் அண்ணாமலை, என்னைச் சுற்றி வாங்க. அந்த ஒரு வரி வந்துவிட்டால் மிஸ் கேட்டதும் முடிந்துவிடும்னு நான் ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மேடையில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். திரை விலகினதும் முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா சட்டென்று எழுந்து கை கூப்பி அரோகரான்னு கத்திவிட்டார். அவ்வளவுதான், ஹாலே எழுந்துவிட்டது. பெற்றவர்கள், பிள்ளைகள், சமையல்கார அம்மா எல்லாரும் அரோகரா. என் பிள்ளை அந்தச் சத்தத்தில் பேசினாளோ என்னவோன்னு நினைத்தேன். சத்தம் அடங்கினது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். மலை அப்படியே நின்றது. அசையவே இல்லை. கடைசியில் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் பரிசு விசில் ஊதின டிராபிக் போலீஸுக்குப் போனது.

மார்க் போட்ட பெரியவர் இறங்கி வரட்டும்னு படிக்கட்டில் காத்திருந்தேன். என்ன கேட்பதுன்னு மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் வந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அவரே புரிந்துகொண்டு, யாழினி தலையில் இருந்த கிண்ணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மலை எங்கம்மா பேசும்? அது பாட்டுக்கு நின்னுச்சு, அது கரெக்ட்டுதான். ஆனா மார்க்கு பேச்சுக்குத்தானே வெச்சிருக்காங்க."

எதில் முதல்?

ஒரு கப்பு கையில் வந்தால் அவளுக்கு அந்தக் கதவு திறக்குமோன்னு எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் கப்பைத் துடைக்கிறேன், ஒன்றில் யாழினி பேரை ஒட்டினால் என்ன? தகட்டில் பேர் தப்பாக விழுந்த கப்பு கடையில் எப்போதும் கிடக்கும். ரேவதிகிட்ட ஜாடையாகச் சொன்னேன். அவள் உடனே சரின்னுவிட்டாள். மறுநாள் அடிக்கலாம்னு பேசிக்கொண்டோம்.

அந்த மறுநாள் ஒருத்தர் பைக்கில் தன் பெண்ணை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். அலமாரியில் இருக்கிறதிலேயே உயரமான கப்பைக் காட்டி அது வேண்டும்னார். ஸ்கூலில் பேசிவிட்டாராம், விழாவில் சிறப்பு விருந்தினர் கையால் கொடுத்துவிடுவார்களாம். யாழினி வயசுதான் அந்தப் பிள்ளைக்கும் இருக்கும். கப்பு அவள் இடுப்புக்கு வந்தது. ரேவதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நீ எதில்மா முதல் வந்தேன்னு கேட்டாள். அந்தப் பிள்ளை திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தது. தெரியாத கேள்விக்குப் பரீட்சையில் முழிக்கிற மாதிரி இருந்தது அந்த முகம். பின் ரூம் வாசலில் இருந்து அதைப் பார்த்தேன். அன்றைக்கு யாழினிக்குக் கப்பு அடிக்க வேண்டாம்னு ரேவதிக்குக் கையைக் காட்டிவிட்டேன். அந்த அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

"முதல் பரிசுன்னு மட்டும் போடுங்க. எதுலங்கறத ஸ்கூல்ல பாத்துப்பாங்க."

பேர் சொன்னால் கப்பு

எங்கள் ஊரில் மலை சுற்றக் கூட்டம் வருகிற பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் எதையும் வைப்பார்கள். பொங்கல் கழிந்து அப்படி ஒரு நாளில் விளையாட்டு விழா வந்தது. ஓடி முடித்த இடத்திலேயே ஒரு மேஜை. முதலாவதாக வருகிற பிள்ளை அங்கே வந்து பேரையும் கிளாஸையும் சொல்ல வேண்டும். பி.டி. சார் வெறுந்தகட்டில் எழுதிக் கொடுப்பார், நான் அதே மேஜையின் இன்னொரு முனையில் உட்கார்ந்து அதைக் கப்பில் ஒட்டுவேன். மூன்றாவது கிளாஸ் பெண் பிள்ளைகள் ஓட்டம். யாழினி ஓடுவாள்னு எனக்குத் தெரியும், இப்படி ஓடுவாள்னு தெரியாது. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் வருகிற பிள்ளை ரொம்பப் பின்னால் வந்தது. மைதானம் முழுக்கப் பார்த்தது. நானும் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு மேஜை முன்னால் வந்து நின்றாள். பேர் என்னன்னு சார் கேட்டார். என் பிள்ளை அவரைப் பார்த்தது. திரும்பவும் கேட்டார், குனிந்து அன்பாகத்தான் கேட்டார். அதுக்குள் பின்னால் வந்த பிள்ளை வந்து "மிருதுளா, மூணாவது பி"ன்னு மணி அடித்த மாதிரி சொல்லிவிட்டது. யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எப்படிப் பேசினேன்னு எனக்கே தெரியாது. "யாழினி சார்... யாழினி. மூணாவது ஏ. இவதான் முதல்ல வந்தா"ன்னு சொல்லிவிட்டேன். அத்தனை பேர் நடுவில் என் வாயில் இருந்து வந்த பெரிய பேச்சு அதுதான். சாருக்கு நான் அவள் அம்மான்னு அப்போதுதான் தெரிந்தது. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். போன வருஷம் இதே மேஜையில் அம்மாக்கள் சண்டை போட்டு விழாவே நின்றுவிட்டதாம், அதிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட ரூல் அது. மிருதுளா பேரை நான்தான் ஒட்டினேன். தகடு கோணலாகப் போய்விட்டது, எடுத்துத் திரும்ப ஒட்டினேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. அம்மாங்க சொல்றதெல்லாம் எழுதுனா எல்லாப் புள்ளையும் முதல்தான். ஓடுன புள்ளை தன் வாயால சொல்லணும்."

வீடியோ

விளையாட்டு விழாவுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆண்டு விழா வந்துகொண்டே இருந்தது. ரேவதிக்கு என்மேல் கோபம். "இன்னாக்கா நீ, வீட்ல பேசுறத போன்ல எடுத்துக் காட்டு. பேச வராத புள்ளை இல்லன்னு அவங்களுக்குத் தெரியட்டும்"னு போனில் எங்கே அமுக்குவதுன்னு காட்டிக் கொடுத்தாள். அந்த வாரம் நான் நிறைய எடுத்தேன். யாழினி பாட்டுப் பாடுகிறாள், கணக்கு வாய்ப்பாடு சொல்கிறாள், கொடிப் பேச்சைப் பேசுகிறாள். நல்லதாக ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். வாய்ப்பாடு சொல்கிற வீடியோ.

மிஸ்ஸிடம் போனை நீட்டி அமுக்கினேன். நான் அமுக்கினது வேறு ஒன்று. அதில் யாழினி என் துப்பட்டாவைப் புடவை மாதிரி சுற்றிக்கொண்டு, கரண்டியை ஸ்கேல் மாதிரி பிடித்துக்கொண்டு, தலையணைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறாள். "ஏய் மூணாவது பெஞ்ச்! வாய மூடு! யார்ரா அங்க பேசுறது? வாய்மேல வெரல் வை! இன்னொரு சத்தம் கேட்டுச்சு, எல்லாரும் வெளிய போயிடுவீங்க!" குரல், இழுவை, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுகிறது, எல்லாம் அப்படியே மிஸ். நிறுத்தத் தெரியாமல் நான் போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். மற்ற மிஸ்ஸுங்க எல்லாம் பின்னால் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் மிஸ் சிரிக்கவில்லை. போனை வாங்கிக் கடைசிவரைக்கும் பார்த்தார். அப்புறம் போனை என் கையில் கொடுத்தார். இத்தனை மாதமும் பேச வராத பிள்ளைன்னு இருந்தவள் அந்த நிமிஷத்தில் திமிர் பிடித்த பிள்ளை ஆகிவிட்டாள். மறுநாளில் இருந்து அவளுக்கு முதல் பெஞ்சில், மிஸ் கண்ணுக்கு நேராக இடம்.

"அப்போ வாய் நல்லாதான் இருக்கு. வேணும்னேதான் நம்மகிட்ட பேசாம இருந்திருக்கா."

எல்லாருக்கும் ஒன்று

மார்ச்சில் அந்த ஸ்கூலில் இருந்து பெரிய ஆர்டர் வந்தது. இந்த வருஷம் ஆண்டு விழாவில் பரிசு இல்லாத பிள்ளையே இருக்கக் கூடாதாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கப்பு. ஓனர் அண்ணன் எங்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். திருகித் திருகி என் விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது. நீங்கள் பாட்டுக்கு மேடையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறீர்கள், ஒரு கப்புக்குப் பின்னால் எத்தனை திருகாணின்னு திருகினவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஏ பிள்ளைகளின் பேரை மிஸ்ஸே போனில் சொன்னார். ரேவதி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அடித்தாள். அழகான கையெழுத்து. ஓவியம். சுத்தமான சீருடை. தினமும் டிபன் பாக்ஸைக் காலி செய்தவர்னு ஒரு பிள்ளைக்கு. பரிசுக்குப் பஞ்சமில்லை. யாழினி பேர் வந்ததும் போனில் சத்தம் நின்றது. ரேவதி என்னைப் பார்த்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மிஸ் யாரிடமோ, இவளுக்கு என்ன மேடம் போடறதுன்னு கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலாக இருக்க வேண்டும், அந்தப் பிள்ளை சத்தம் போடுதுன்னு யாராவது கம்ப்ளெயிண்ட் சொல்லியிருக்கிறார்களான்னு கேட்டது. இல்லையே மேடம்னார் மிஸ். அப்புறம் போனில், நல்லொழுக்கம்னு போடுங்கம்மான்னு சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

தகடு சூடாக வந்தது. நான் ஒட்டினேன். என் பிள்ளை பேரை நான் ஒட்டின முதல் கப்பு. ரேவதி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

"விடுக்கா. ஒழுக்கத்துக்குக் கப்பு குடுத்த புள்ளைய எப்படி வேற ஸ்கூலுக்குப் போன்னு சொல்லுவாங்க? இன்னா ஆனாலும் தப்பிச்சிட்டா உன் பொண்ணு."

மைக்

விழா அன்றைக்கு அவள் அப்பாவும் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தார். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக ஏறி, கப்பு வாங்கி, இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தின பெரியவர். அத்தனை கப்பு கொடுத்து அவருக்கே கை வலித்திருக்கும். ஆனாலும் எந்தப் பிள்ளையையும் சும்மா அனுப்பவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து மைக்கை நீட்டி ஏதாவது ஒரு வார்த்தை கேட்டார்.

யாழினி போனாள். "உன் பேரு என்ன கண்ணு?"ன்னு கேட்டார். நான் அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது, வீட்டில் நான் பார்க்கிற முகத்தைவிட எவ்வளவோ பெரிசாக. அவள் அவரையே பார்த்தாள். அவர் அவசரப்படவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தார். அப்போது அவள் உதடு பிரிந்தது. நான் சத்தியமாகப் பார்த்தேன். முன்பல் தெரிந்தது. யா-ன்னு சொல்ல வாய் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. அந்த நேரத்தில் மிஸ் ஓடி வந்தார். பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கிறதே, மானம் போகிறதேன்னு உதவி செய்யத்தான் ஓடி வந்தார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஹால் முழுக்கக் கை தட்டினது. திரையில் என் பிள்ளையின் உதடு திரும்ப ஒட்டிக்கொண்டது.

"சார், இவதான் சார் வருஷம் பூரா கிளாஸ்ல ஒரு வார்த்தை கூடப் பேசாத புள்ளை! அதுக்குத்தான் இவளுக்கு இந்தப் பரிசு!"

ஆட்டோவில்

ஸ்கூல் தெரு திரும்பினதுமே அவளுக்கு வாய் வந்துவிட்டது. அந்தத் தாத்தாவின் கையெல்லாம் பவுடர் வாசனை அடித்ததாம். திரையில் தன் மூக்கு பூசணிக்காய் மாதிரி தெரிந்ததாம். மிருதுளா டான்ஸ் ஆடும்போது கொலுசு கழன்று விழுந்ததாம், அதை மிருதுளா காலாலேயே திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாளாம். கப்பை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா ஓட்டிக்கொண்டே, "அவர் பேரு கேட்டாரே பாப்பா, நீ ஏன் சொல்லல?"ன்னு கேட்டார்.

"சொல்லத்தான்பா வந்தேன், கதவு தொறந்துச்சு. மிஸ் முந்திக்கிட்டாங்க"ன்னாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வருத்தப்படுகிற மாதிரியே தெரியவில்லை. தகட்டில் இருந்த தன் பேரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு மிஸ்ஸிடம் போய் நான் சொல்லட்டுமா, திரும்ப ஒரு தடவை மைக்கில் சொல்லிப் பார்க்கிறாயான்னு கேட்டேன். நான் மிஸ்ஸிடம் போய்ப் பேசுகிறதாகச் சொன்னதே பெரிய விஷயம். என்னை விவரம் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அய்யோ வேணாம்மா! நல்ல வேளை நான் சொல்லல, சொல்லியிருந்தா கப்ப புடுங்கியிருப்பாங்க. நாலாவதுலயும் பேச மாட்டேன், அப்போ இதவிடப் பெருசா தருவாங்க."

பிள்ளையை ஒரு வார்த்தை பேச வைக்க ஒரு வருஷம் நான் பட்ட பாட்டுக்கு, அவள் இனிமேல் எப்போதும் பேசாமல் இருப்பதற்கான கப்பை என் கையாலேயே திருகி, துடைத்து, கோணல் இல்லாமல் ஒட்டி அனுப்பி வைத்ததுதான் இந்தத் தொழிலில் நான் பண்ணின ஒரே சுத்தமான வேலை.